பள்ளத்தில் தேங்கிய குளிர்

அத்தியாயம் பதினேழு

அக்காவும் தம்பியும் பேசி அன்றோடு நாற்பது நாள் ஆகியிருந்தது.

சண்டை நடந்தது திருப்பதியில். ரேணிகுண்டா ரோட்டை ஒட்டிப் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கத் தரையில் பள்ளம் தோண்டிய பழைய லாரி ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்து பரணி நடத்துகிற கார் ஏ.சி. பட்டறையில். தம்பியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போன ஷோபாவின் கண்ணில், மூலையில் கிடந்த ஒரு சிலிண்டர் பட்டது. பெயிண்ட்டைச் சுரண்டியிருந்தார்கள். எந்த கேஸ் என்று ஒரு எழுத்து இல்லை. கிட்டே போனதும் சமையல் கேஸ் வாடை.

"பாதி விலைக்குக் கெடைக்குதுக்கா. குளிரும் நல்லா வருது. இங்க எல்லாரும் இதைத்தான் போடறாங்க" என்றான் பரணி.

வண்டி விட வந்தவர்கள் நாலு பேர் நின்றார்கள். பரணியின் மனைவி சுஷ்மிதாவும் நின்றாள். ஷோபாவுக்கு யாருமே கண்ணில் படவில்லை.

"இது வண்டிக்குள்ள லீக் ஆனா இன்னா ஆவும்னு தெரியுமாடா உனக்கு? ஒரு பொறி பட்டா போதும், குடும்பத்தோட எரிவாங்க. நீ கேஸ் போடல, கொலை பண்ணிக்கினு இருக்கே!"

பரணியின் முகம் கறுத்தது. "இனிமே என் கடைப் பக்கம் வராத" என்றான். அவ்வளவுதான்.

சித்தூருக்குத் திரும்பி வந்த ஷோபா அதற்கப்புறம் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. இருவருக்கும் இடையில் தோதாக நாலு வார்த்தை பேசிப் பார்த்த ஷோபாவின் கணவன் முரளிதரனும் ஓய்ந்துவிட்டான்.

சித்தூர் பைபாஸில் இருக்கும் பட்டறை முரளிதரன் ஆரம்பித்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு முதுகுத்தண்டில் கோளாறு வந்து, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் கட்டளையாகச் சொன்னபோது, கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் மீட்டரைக் கையில் எடுத்தவள் ஷோபா. 'பொம்பளை மெக்கானிக்கா?' என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்களே இப்போது, 'மேடம் இருந்தா வரோம்' என்று போன் செய்து கேட்டு வருகிறார்கள். பரணி தொழில் கற்றதும் இதே பட்டறையில், அக்காவிடமும் மாமாவிடமும்தான்.

அந்த வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஒரு பழைய காருக்கு கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தாள் ஷோபா. வண்டிக்காரர் பொறுமை இல்லாமல் பக்கத்தில் நின்றார்.

"எந்த கேஸா இருந்தா இன்னாமா? ஜில்லுனு வந்தா போதாதா?"

"போதாது சார். ரொம்பப் பழைய வண்டிங்களுக்கு ஆர்-12னு ஒண்ணு இருந்துது, அது இப்ப வர்றதே இல்லை. உங்க வண்டிக்கு 134ஏ. இப்ப வர்ற சில புது வண்டிங்களுக்கு வேற கேஸ். ஒண்ணோட ஒண்ணு கலந்தா கம்ப்ரஸர் செத்துடும்" என்று சொல்லிக்கொண்டே, அடித்த போனை எடுத்தாள்.

சுஷ்மிதா என்று திரையில் தெரிந்தது.

இந்த நாற்பது நாளில் அவளும் கூப்பிட்டதில்லை.

"அண்ணி… அவரு பள்ளத்துல கெடக்கறாரு அண்ணி. கூப்புட்டா எழுந்திருக்கல. வேன்காரரு, இவரு போன் எடுக்க மாட்டேங்கறாருன்னு எனக்குப் போன் பண்ணாரு. உடனே ஓடி வந்து பார்த்தா ஷட்டர் பாதி எறங்கிக் கெடக்குது… நான் எறங்கறேன் அண்ணி, எறங்கித் தூக்கறேன்…"

"எறங்காதே!"

ஷோபா கத்திய கத்தலில் மேஜையில் உட்கார்ந்திருந்த முரளிதரன் துள்ளி எழுந்தான்.

"சுஷ்மி, ஒரு கால் கூடக் கீழ வைக்காத. நான் சொல்றதைக் கேளு. பள்ளத்துக்கு மேல வண்டி கீதா?"

"இருக்குது. டூரிஸ்ட் வேன்."

ஷோபாவுக்குப் பாதி புரிந்துவிட்டது. டூரிஸ்ட் வேனில் பின்சீட்டு ஏ.சி.க்குப் போகிற குழாய் வண்டிக்கு அடியில் ஓடும். குழாய் எங்கே கசிகிறது என்று பார்க்க, மேலே சிலிண்டரைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே பள்ளத்தில் இறங்கியிருக்கிறான். குழாய் பிய்ந்திருக்கும். மேலிருந்து கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கும்.

"பள்ளத்துல புகை கிகை தெரியுதா?"

"ஒண்ணுமே இல்லையே அண்ணி. காலியாத்தான் கீது. ஜில்லுனு மட்டும் அடிக்குது."

"காலியில்லம்மா. அந்த கேஸு காத்தை விடக் கனம். தண்ணி மாதிரி பள்ளத்துல தேங்கி நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூச்சு விடற காத்தை மேல தள்ளிட்டு அது உக்காந்துக்கினு இருக்கும். நீ எறங்கினா ரெண்டு மூச்சுல விழுந்துடுவே. அப்புறம் உன்னைத் தூக்க ஒருத்தர் எறங்கணும்."

"அவரு உள்ள கெடக்கறாரு, நான் மேல நின்னு வேடிக்கை பாக்கறதா?" சுஷ்மிதாவின் குரல் உடைந்தது.

"வேடிக்கை பாக்க வேணாம். வேலை சொல்றேன், செய். சிலிண்டர் எங்க?"

"இங்கதான். தலைகீழா நிக்குது."

"மேல திருகு இருக்கும். இல்ல, தலைகீழா இருந்தா அடியில கீது. நிமித்தி வச்சு வலப்பக்கமா சுத்து. துணியைப் பிடிச்சுக்கினு சுத்து, வெறுங்கை வைக்காத, குளிர்லயே தோலு வெந்துடும்."

மூச்சு வாங்கும் சத்தம். உலோகம் உரசும் சத்தம். "ஆச்சு அண்ணி."

"பக்கத்துல யாரு கீறாங்க?"

"பஞ்சர் கடை சிரஞ்சீவி அண்ணன்…"

"கூப்புடு. போனை ஸ்பீக்கர்ல போடு."

சிரஞ்சீவி ஓடி வந்தான். தெலுங்குக்காரன், ஆனால் அந்த ரோட்டில் வண்டி நிறுத்துகிற மெட்ராஸ் டிரைவர்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வரும். "அக்கா, பெரிய ஃபேன் ஒண்ணு கீது. போட்டு வுடட்டுமா?"

சரி என்று சொல்ல வாயெடுத்தாள் ஷோபா. அந்தப் பெயிண்ட் சுரண்டிய சிலிண்டர் கண்முன் வந்து நின்றது.

134ஏ என்றால் ஃபேன் போடலாம். அது இப்படிச் சட்டென்று பற்றிக்கொள்ளாது. ஆனால் இன்றைக்கு அவன் திறந்து வைத்தது எந்த சிலிண்டர்? சமையல் கேஸ் கலந்ததாக இருந்தால், ஒரு ஸ்விட்ச்சின் பொறி போதும். பள்ளத்தில் கிடப்பவனும் மேலே நிற்பவர்களும்…

"வேணாம்! எந்த ஸ்விட்ச்சையும் தொடாதீங்க. லைட்டு, ஃபேன், எதுவும். பீடி சிகரெட்டு யாரும் கிட்ட வரக் கூடாது. வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. உங்க காத்தடிக்கிற கம்ப்ரஸர் எங்க கீது?"

"நம்ம கடைல அக்கா. செவுத்துக்கு அந்தாண்ட."

"ஹோஸு பள்ளம் வரைக்கும் எட்டுமா?"

"லாரி டயருக்கு வாங்கினது. எட்டும்!"

"அப்போ ஷட்டரை முழுசா தூக்குங்க. வேனை நியூட்ரல்ல போட்டு ஆளுங்களை வச்சுத் தள்ளுங்க. பள்ளம் தெறந்து இருக்கணும். அப்புறம் மேல நின்னே ஹோஸை அவன் முகத்துக்கிட்ட விட்டுக் காத்தை அடிங்க. யாரும் எறங்க வேணாம்."

அதற்கப்புறம் எல்லாமே சத்தங்கள்தான். ஷட்டர் மடமடவென்று ஏறியது. யாரோ தெலுங்கில் ஆள் கூப்பிட்டார்கள். "ஒன், டூ, தோய்!" என்று தள்ளச் சொல்லிக் கூட்டாக ஒரு கூச்சல். டயர் உருண்டது. பிறகு காற்று சீறுகிற சத்தம், நிற்காமல்.

முரளிதரன் இன்னொரு போனில் 108-க்குப் பேசி முடித்திருந்தான். காருக்கு கேஸ் போட வந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா," சிரஞ்சீவியின் குரல், இரைச்சலுக்கு மேலே. "டயர் இழுக்கிற கொக்கி கீது, நீளமா. படுத்துக்கினு இவன் பெல்ட்டுல மாட்டறேன்."

"மூக்கு பள்ளத்துக்குள்ள போவாம பாத்துக்கோ!"

"மாட்டிக்கிச்சு! இழுங்கடா… படிக்கட்டுப் பக்கம் இழுங்க… காலைப் பிடி… லாகு, லாகு, இழு!"

ஒரு கனத்த பொருள் தரையில் தேய்ந்தது. யாரோ "வெளியில, வெளியில" என்றார்கள். பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"சுஷ்மி?"

ஷோபா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சுஷ்மி, மூச்சு கீதா?"

பட்டறைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கீது அண்ணி." சுஷ்மிதா அழுதுகொண்டே சிரித்தாள். "நெஞ்சு ஏறி எறங்குது. கண்ணைத் தெறக்கப் பாக்கறாரு."

ஷோபா நின்ற இடத்திலேயே டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் வாய் ஓயவில்லை.

"ஒரு பக்கமா சாய்ச்சுப் படுக்க வை. முழிச்சுக்கினாலும் எழுந்து நிக்க விடாத, நடக்க விடாத. யாரும் அவனை உலுக்கக் கூடாது, கிட்ட நின்னு அழக் கூடாது. இந்த கேஸு உள்ள போனா இதயம் பூஞ்சையா இருக்கும். கொஞ்சம் பதறினாலும் தாறுமாறா அடிக்கும். ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட ஏ.சி. கேஸை சுவாசிச்சுட்டாருன்னு சொல்லு. அட்ரினலின் ஊசி போடறதுக்கு முன்னால அது டாக்டருக்குத் தெரியணும். அ-ட்-ரி-ன-லின். எழுதிக்கோ."

"கையிலயே எழுதிக்கினேன் அண்ணி."

இதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன் வேலூரில் நடந்த பாதுகாப்பு வகுப்பில் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்த வகுப்பு. பாதி பேர் தூங்கினார்கள். ஷோபா தூங்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

*

முரளிதரன்தான் காரை ஓட்டினான். ஷோபா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கேஜ் மீட்டர் பெட்டி. ஏன் எடுத்துக்கொண்டாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கிளம்பும்போது கை தானாக எடுத்தது.

பாகாலா திரும்புகிற இடம் தாண்டியதும் கார் ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள்.

"வெயில் அடிக்குதே" என்றான் முரளிதரன்.

"அடிக்கட்டும்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த சிலிண்டராத்தான் இருக்கும்" என்றாள். "நான் அன்னைக்கே சொன்னேன். கேக்கல. இன்னா கலந்திருக்கான்னு யாருக்குத் தெரியும்? சிலதுல வேற விஷ கேஸைக் கூடக் கலக்கறாங்களாம். இப்ப முழிச்சுக்குவான், நாளைக்கு மறுபடி படுத்துடுவான்."

"தெரியாததை எதுக்கு இப்பவே பேசறே?"

"கொலை பண்றேன்னு சொன்னேங்க. நாலு பேரு முன்னால. கடைசியா அவன்கிட்ட நான் பேசின வார்த்தை அதுதான்."

முரளிதரன் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அவள் கைமேல் வைத்தான். சந்திரகிரிக் கோட்டை கண்ணில் படும்வரைக்கும் எடுக்கவில்லை.

*

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் பிரேமலதாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தெலுங்கில் ஆரம்பித்து, ஷோபாவின் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"நீங்கதான் அக்காவா? போன்ல சொல்லிக் குடுத்தது நீங்களா?"

"ஆமாங்க டாக்டர்."

"அந்தப் பொண்ணு கையை நீட்டிக் காட்டுது, பேனாவால அட்ரினலின்னு எழுதியிருக்குது. எனக்கும் தெரியும்தான். ஆனா ஏ.சி. கேஸ்னு வாசல்லயே தெரிஞ்சதால நேரம் வீணாகலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப ஆள் முழிச்சிருக்காரு. பேசறாரு. வலது கையில குளிர்க் கொப்புளம் இருக்கு, ஆறிடும். ஈ.சி.ஜி.யில நடுநடுவுல துடிப்பு தப்புது. ஆக்சிஜன் குடுத்தப்புறம் குறைஞ்சிருக்கு."

"நான் பாக்கலாங்களா?"

"ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். அது என்ன கேஸ்? அவரைக் கேட்டேன். ஒரிஜினல் 134ஏ-னு சொல்றாரு. ஆனா உங்க தம்பி பெண்டாட்டி தனியா வந்து, முன்னாடி ஒரு கலப்பட சிலிண்டர் இருந்துதுன்னு சொல்லுது. வெறும் 134ஏ-ன்னா நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடலாம். வேற விஷம் கலந்திருந்தா நரம்பு, கிட்னி எல்லாம் பாக்கணும், ஐ.சி.யூ.ல வைக்கணும். அவரு சொல்றதை நான் நம்பலாமா?"

ஷோபாவுக்கு நம்பலாம் என்று சொல்ல ஆசை. நம்பக் கூடாது என்று நாற்பது நாளாக மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம் குடுங்க டாக்டர். பாத்துட்டு வந்து சொல்றேன்."

முரளிதரனை சுஷ்மிதாவுக்குத் துணையாக விட்டுவிட்டு, வாசலில் காத்திருந்த சிரஞ்சீவியின் ஸ்கூட்டரில் ஏறினாள்.

*

பட்டறை திறந்தபடியே கிடந்தது. சிரஞ்சீவியின் ஆள் ஒருவன் காவல் இருந்தான். வேன் வெளியே வெயிலில் நின்றது. பள்ளத்துக்குள் இன்னும் காற்றடிக்கும் ஹோஸ் தொங்கியது.

ஷோபா முதலில் மூலையைப் பார்த்தாள். அந்தச் சுரண்டிய சிலிண்டர் அங்கே இல்லை.

வேன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது வேறொன்று. வெளிர் நீல நிறம். லேபிள் கிழியாமல் இருந்தது. ஆனால் நீலப் பெயிண்ட்டும் லேபிளும் சல்லிசாகக் கிடைக்கிற காலம். அவள் அதை நம்பவில்லை.

தூக்கிப் பார்த்தாள். மீதி இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக நிழலில் அசையாமல் இருக்கிறது. கேஜ் பெட்டியைத் திறந்து குழாயை சிலிண்டரில் மாட்டினாள். வெப்பமானியை சிலிண்டர் உடம்போடு சேர்த்துத் துணியால் கட்டினாள்.

"இன்னாக்கா பண்றே?" என்றான் சிரஞ்சீவி.

"ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு குணம் கீது. இவ்வளவு சூட்டுல இவ்வளவு அழுத்தம்தான் காட்டும். கலப்படம் பண்ணா பெரும்பாலும் அந்தக் கணக்கு உதைக்கும்."

வெப்பமானி முப்பத்திரண்டு டிகிரியில் நின்றது. அவள் திருகை மெதுவாகத் திறந்தாள்.

அழுத்தம் காட்டும் முள் எழுந்தது. எண்பதைத் தாண்டியது. தொண்ணூறைத் தாண்டியது. நூற்று மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் போய், சாதுவாக நின்றது.

போனில் இருந்த அட்டவணையைப் பார்த்தாள். 134ஏ. முப்பத்திரண்டு டிகிரி. இம்மி பிசகவில்லை.

அப்படியும் மனசு அடங்கவில்லை. சுவரில் ஆணியில் குத்தியிருந்த பில்களில் தேடினாள். சென்னை டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவரின் பில் இருந்தது. அந்த நம்பருக்குப் போன் போட்டு, சிலிண்டரின் வரிசை எண்ணை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்களுதுதான் மேடம். திருப்பதி பரணிக்கு அனுப்பினது" என்றாள்.

அப்போதுதான் பில்லின் தேதியைப் பார்த்தாள்.

சண்டை நடந்ததற்கு மறுநாள்.

"அன்னைக்கு நீ கத்திட்டுப் போனியே," என்றான் சிரஞ்சீவி, "மறுநாள் பொழுது விடிஞ்சதும் அந்தப் பழைய சிலிண்டரை ஆட்டோல தூக்கிப் போட்டுக்கினு போனான். குடுத்தவன் மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வந்தான். ஏன்டான்னு கேட்டேன். எங்க அக்கா சொன்னது சரின்னா சரிதான்னான்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே!"

"அதையும் கேட்டேன். அவ பண்ணட்டும்னான்."

ஷோபாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பில்லை மடித்து எடுத்துக்கொண்டாள்.

*

டாக்டர் பிரேமலதா அழுத்தத்தையும் வெப்பத்தையும் எழுதிய துண்டுச் சீட்டை இரண்டு முறை படித்தார். "லேபுக்கு அனுப்பியிருந்தா நாலு நாள் ஆகியிருக்கும்" என்றார். "ரத்தப் பரிசோதனையும் நல்லா வந்திருக்கு. இப்ப துடிப்பும் தப்பலை. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மானிட்டர்ல வைப்போம். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிக்கினு போலாம். பயப்பட ஒண்ணுமில்லை."

சுஷ்மிதா ஷோபாவின் தோளில் சாய்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அங்கே இறங்கியது. ஷோபா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். முரளிதரன் யாரும் பார்க்காதபடி திரும்பி மூக்கை உறிஞ்சினான். பிறகு டீ வாங்கி வருகிறேன் என்று சுஷ்மிதாவையும் அழைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனான்.

பரணி வலது கையில் கட்டோடு படுத்திருந்தான். முகம் வெளிறி, சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் இருப்பானே, அப்படி இருந்தான்.

"வாக்கா" என்றான்.

"வந்துட்டேன்டா." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பில்லைப் பாத்தேன். தப்பாப் பேசிட்டேன்."

"அன்னைக்குத் தப்பாப் பேசல. எல்லாரு முன்னாலயும் பேசின, அதான்."

"அதுவும் தப்புதான்."

பரணி மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தான். "ஒரிஜினல் கேஸுதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சுட்டேன்கா. குழாய் பிச்சுக்கினு சத்தம் வந்துது. கையால அழுத்திப் பிடிச்சேன். மேல ஏறி மூடிட்டு வரலாம்னு நெனச்சேன். கால் வரல. தலை சுத்திச்சு. ஒரு மாதிரி சுகமாக் கூட இருந்துது. பயமே வரல. அதை நெனச்சாத்தான் இப்பப் பயமா கீது."

"கலப்பட கேஸைப் பத்தித்தான் உனக்குப் பயம் காட்டினேன். நல்ல கேஸும் மூச்சை அடைக்கும்னு சொல்லித் தரலை. நம்ம பட்டறையில பள்ளமே இல்ல, எனக்குத் தோணவும் இல்ல." கட்டுப் போட்ட கையைத் தொடாமல் அதன் பக்கத்தில் தன் கையை வைத்தாள். "ஆனா நீ ஏன்டா ஷட்டரைப் பாதி எறக்கிக்கினு, தனியா, சிலிண்டரை வேற தெறந்து போட்டுட்டு எறங்கினே? அவ்ளோ அவசரம் இன்னா?"

பரணி கதவைப் பார்த்தான். "கத்த மாட்டியே?"

"சொல்லு."

"மஸ்கட்ல வேலை கெடைச்சிருக்குது. பெரிய சர்வீஸ் சென்டர், ஏ.சி. டெக்னீஷியன். போன மாசம் இன்டர்வியூ முடிஞ்சுது. வர்றேனா இல்லையான்னு இந்த வாரத்துக்குள்ள சொல்லணும். கையில இருக்கிற வண்டி எல்லாத்தையும் முடிச்சுடணும், புதுசா யாரும் வண்டி விட வரக் கூடாதுன்னுதான் ஷட்டரை எறக்கினேன்."

"சுஷ்மிக்குத் தெரியுமா?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதுவே பதில்.

ஷோபாவின் நாக்கு நுனிவரை வசவு வந்தது. விழுங்கினாள். "அவகிட்ட நீயே சொல்லு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தூது போவ மாட்டேன்."

"என்கிட்ட இன்னா சொல்லணும்?"

கதவில் சுஷ்மிதா நின்றாள். கையில் இரண்டு டீ கப். அவளுக்குப் பின்னால் முரளிதரன்.

தப்பிக்க வழி இல்லை. பரணி எல்லாவற்றையும் சொன்னான். மஸ்கட், சம்பளம், இரண்டு வருஷ ஒப்பந்தம், சொல்லாமல் மறைத்தது. சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

சுஷ்மிதா அழவில்லை. டீயை மேஜையில் வைத்தாள். கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, அவனுடைய கட்டுப் போடாத கையில் வைத்தாள்.

"சாயங்காலம் கோயிலுக்குப் போயிட்டு வந்து சொல்லலாம்னு நேத்துலேருந்து வச்சுக்கினு கீறேன்" என்றாள்.

பரணி படித்தான். மறுபடி படித்தான். "டி.எஸ்.சி. ஆர்டரா?"

"ஆமா. கவர்மெண்ட் டீச்சர். தமிழ் மீடியம் ஸ்கூல், கார்வேட்டிநகரம் மண்டலம். திங்கக்கெழமை போய்ச் சேரணும்."

பரணி சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. "நீ டீச்சராயிட்டியா?"

"நீங்க மஸ்கட்காரரா?" என்றாள் அவள். அவளுக்கும் உதடு துடித்தது, சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

"இப்ப இன்னா பண்றது?" என்றான் முரளிதரன் வெள்ளந்தியாக.

மூன்று பேரும் ஷோபாவைப் பார்த்தார்கள்.

காலையிலிருந்து அதைச் செய், இதைச் செய்யாதே என்று கட்டளையாகப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாததே நிம்மதியாகக்கூட இருந்தது. தம்பி கண் எதிரே சிரித்து இருமுகிறான். மற்றதெல்லாம் வாழ்கிறவர்களுக்கு வருகிற கஷ்டம்தானே.

"அந்த ஆர்டரை முழுசாப் படிச்சுக் காட்டும்மா" என்றாள். "தெலுங்குல கீது, எனக்கு வேகமா வராது. நம்ம வூட்டுக்கு ஒரு டீச்சர் வந்திருக்கா. மொதல்ல அதைக் காது குளிரக் கேக்கறேன்."

சுஷ்மிதா காகிதத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தாள். தெலுங்கில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. தன் பெயர் வந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். பரணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பாதி படித்திருப்பாள். மேஜை மேல் இருந்த பரணியின் போன் அதிர்ந்தது. வெளிநாட்டு நம்பர்.

பரணி இடது கையை நீட்டினான். அதற்குள் சுஷ்மிதா போனை எடுத்துவிட்டாள். திரையை ஒரு தடவை பார்த்தாள். புருஷனை ஒரு தடவை பார்த்தாள். பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள்.

"ஹலோ," என்றாள் தெளிவாக. "நான் மிஸஸ் பரணி பேசறேன். சொல்லுங்க."